நாப்பது மூட்ட நொய்யும் செனகல் அம்மாவும்

“வாத்து கடிக்காதுபா. கொத்தும், அவ்ளோதான். வெளிநாட்டு ஆளுன்னு பாத்துத் தனியால்லாம் கொத்தாது.”

கரண்ட் பில்லு கட்டுற வரிசையில நின்னுக்கினு புகழ்வேந்தன் இத்தச் சொன்னாரு. அவர யாரும் ஒண்ணும் கேக்கல. முன்னாடி நின்ன ஆளு பில்லுல தேதி தாண்டிப்போச்சான்னு பாத்துக்கினு இருந்தாரு. பின்னாடி நின்ன அம்மா கொட்டாவி வுட்டுக்கினு இருந்தாங்க.

“அந்தம்மாவுக்கு ஒரு கொத்து கூட வுழல. எனக்குத்தான் ரெண்டு. இந்த முட்டிக்குக் கீழ.”

கொட்டாவி வுட்ட அம்மா வாய மூடிட்டு, “சரிங்கண்ணே”ன்னாங்க. வேற இன்னா சொல்லுவாங்க?

மூணு மாசமா பாகூர்ல பாக்குறவன் எல்லாம் அவர நிறுத்தி நிறுத்திக் கேட்டான். வாத்து கடிச்சிச்சாமே, வாத்து கடிச்சிச்சாமேன்னு. இப்ப யாரும் கேக்கலன்னாலும் பதிலு தானா வாயில வந்துடுது. அந்த மனுசனுக்கு வந்த கூத்து அப்படி.

புகழ்வேந்தனுக்குச் சொந்த ஊரு குருவிநத்தம். அவுங்கப்பாவுக்கு மேடப் பேச்சுன்னா உசுரு. எந்த ஊர்ல கூட்டம் போட்டாலும் சைக்கிள மிதிச்சிக்கினு போயி மொத வரிசையில உக்காந்து கை தட்டிட்டு வருவாரு. புள்ள பொறந்த அன்னைக்கும் கூட்டத்துலதான் இருந்தாரு. அங்க பேசுன ஒருத்தரு யாரையோ நாலு தடவ ‘புகழ்வேந்தே, புகழ்வேந்தே’ன்னு கூப்புட, இவரு வூட்டுக்கு வந்து புள்ளைக்கு அத்தயே பேரா வெச்சிட்டாரு. தொட்டில்ல கெடந்த புள்ள கைய முறுக்கிக்கினு வாயக் கோணிக்கினு சிரிச்சிச்சாம். தனக்கு வந்த பேரப் பாத்துத்தான் சிரிச்சிச்சோ இன்னாவோ.

பேரு ராஜா பேரு. வூட்டுல அடுப்புல வேவுறது நொய்க் கஞ்சி. நெல்லு அரைக்கும்போது அரிசி ஒடஞ்சி பொடிசா வுழும்ல, அதான் நொய்யி. முழு அரிசி கடைக்குப் போவும். நொய்யி கோழிக்கும் வாத்துக்கும் போவும். காய்ச்ச வந்து படுத்தவனுக்கு ரெண்டு கரண்டி போவும். இது ஒண்ணும் இல்லாம காலையில, மத்தியானம்னு அத்தயே குடிச்சி வளந்த புள்ளைய பள்ளிக்கூடத்துல இன்னான்னு கூப்புடுவாங்க? ‘டேய் நொய்யி’ன்னுதான். அஞ்சாவது தாண்டறதுக்குள்ள அந்தப் பேரு தாங்காம படிப்ப வுட்டுட்டாரு.

பதினஞ்சு வயசுல பாகூர் ரைஸ் மில்லுல மூட்ட தூக்கச் சேந்தாரு. இப்ப அம்பத்தாறு. நாப்பது வருசமா அதே மில்லு. அஞ்சு மாசக் கொழந்த கையில எத்தக் குடுத்தாலும் வாயில வெச்சிப் பாக்கும்ல, அந்த மாதிரி இவரு எந்த மூட்டையப் பாத்தாலும் ரெண்டு நெல்ல எடுத்து வாயில போட்டுக் கடக்குன்னு கடிப்பாரு. “இன்னும் ஒரு வெயிலு காயணும்”பாரு. மெசினு வெச்சி ஈரம் பாத்தாலும் அத்தயேதான் சொல்லும். அதனாலதான் மில்லு மொதலாளி ஷேக் ஃபரீத் பாய் இவர மேஸ்திரி ஆக்குனாரு.

அவரு பொண்ணு பாத்த கத வேற இருக்குது. வழக்கமா மாப்ள வூட்டுக்காரங்கதான் பொண்ணு பாக்கப் போவாங்க. வள்ளியம்மாளோட மாமன் ஒருத்தரு இருக்காரு, நெட்டப்பாக்கத்துக்காரரு, ரொம்ப முறுக்கு. “மொதல்ல மாப்ள வூட்டு அடுப்ப நாங்க பாக்கணும்”னு எட்டுப் பேரக் கூட்டிக்கினு சொல்லாம கொள்ளாம வந்து எறங்கிட்டாரு. வூட்டுல அன்னைக்கு நொய்யத் தவுர ஒண்ணியும் இல்ல. புகழ்வேந்தனோட அம்மா பாவம், கறிவேப்பில, இஞ்சி எல்லாம் தாளிச்சி, மணக்க மணக்க நொய் உப்புமா கிண்டிப் போட்டாங்க. மாமன் ஒரு வாய் வெச்சாரு. எல பாதியில எழுந்துட்டாரு.

“சம்மந்தி வூட்டுக்காரனுக்கு நொய்யாடா போடுறீங்க? நாங்க இன்னா வாத்தா?”

எட்டுப் பேரும் வாச வழியா வெளிய போயிட்டாங்க. மூணு மாசம் பேச்சே இல்ல. அப்பறம் வள்ளியே ஆளு வுட்டாங்க: “எங்க சித்தி மடியில கொஞ்சம் உப்புமா கட்டிக்கினு வந்தாங்க. நல்லாத்தான் இருந்துச்சி. எனக்கு இந்த மாப்ளதான் வேணும்.” கல்யாணம் நடந்துச்சி. ஆனா அந்த மாமன் இன்னைக்கும் எந்த விசேசத்துல பாத்தாலும் எலைக்கு முன்னாடி உக்காந்துக்கினு, “மாப்ள, இன்னிக்கு முழு அரிசிதானே?”ன்னு கேப்பாரு. முப்பது வருசமா ஒரே கேள்வி. அன்னைலேருந்து புகழ்வேந்தன் வூட்டுக்குள்ள ஒரு கைப்பிடி நொய்யி நொழஞ்சதில்ல.

இவ்ளோதான் அவரோட வாழ்க்க. இதுக்குள்ள செனகல் எங்கேருந்து வந்துச்சின்னா, அதுவும் மில்லு வழியாத்தான் வந்துச்சி.

ஷேக் ஃபரீத் பாய் மில்லுலேருந்து மாசா மாசம் நொய்யி லாரியில ஏறி மெட்ராஸ் துறைமுகத்துக்குப் போவும். அது எங்க போவுதுன்னு புகழ்வேந்தன் கேட்டதில்ல, பாயும் சொன்னதில்ல. வெளிநாட்டுல ஏதோ பெரிய கோழிப்பண்ணைக்குப் போவுதுன்னு இவரே நெனச்சிக்கினாரு. நடுவுல ஒரு நாளு அரசாங்கம் நொய்ய வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாதுன்னு நிறுத்திடுச்சி. “கோழித் தீனிக்கெல்லாம் டில்லியில ஏம்பா கவலப்படறாங்க?”ன்னு இவரு பேப்பர் படிக்கிறவங்ககிட்டல்லாம் கேட்டுக்கினு இருந்தாரு. ரெண்டு வருசத்துக்கு மேல அப்படியே கெடந்துச்சி. மில்லு வாரத்துக்கு ரெண்டு நாளுதான் ஓடுச்சி. அப்பறம் தடைய எடுத்தாங்க. அதுக்குள்ள பழைய வியாபாரிங்க எல்லாம் வேற எடம் பாத்துக்கினு போயிட்டாங்க.

ஷேக் ஃபரீத் பாய் ஒரு நாளு மேஸ்திரியக் கூப்புட்டாரு.

“புகழு, இன்னும் ரெண்டு மாசம் பாப்பேன். ஆர்டரு வரலன்னா மில்ல குடுத்துட்டு மூலக்குளத்துல கல்யாண மண்டபம் கட்டப்போறேன்.”

“அப்ப நானு?”

“உன்ன வுட்டுடுவனா? மண்டபத்துக்கு நீதான் வாட்ச்மேனு. தொப்பி, யூனிபாரம் எல்லாம் தெச்சிக் குடுத்துடுவேன். வர்றவங்களுக்குப் பன்னீரு தெளிக்கணும், சல்யூட் அடிக்கணும். ஒக்காந்த எடத்துல வேல.”

நெல்லக் கடிச்சிப் பேரு வாங்குன ஆளு, கையில பன்னீருச் சொம்பு வெச்சிக்கினு, தொப்பியப் போட்டுக்கினு, அந்த நெட்டப்பாக்கத்து மாமன் மொற செய்ய வரும்போது சல்யூட் அடிக்கிறதா? வூட்டுக்கு வந்து வள்ளிகிட்டச் சொன்னாரு.

வள்ளி பாத்திரம் வெளக்கிக்கினே, “தொப்பி போட்டா உனுக்கு நல்லாத்தான் இருக்கும். வழுக்க தெரியாது”ன்னாங்க.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு புதன்கெழம மெட்ராஸ்லேருந்து பாயி போனு பண்ணாரு. அங்க ஏதோ ஓட்டல்ல நம்ம நாட்டுக்கும் ஆப்பிரிக்கா நாடுங்களுக்கும் வியாபாரம் பேசற கூட்டமாம். டில்லியில இருக்கிற தூதரகத்து ஆளுங்கல்லாம் வந்திருக்காங்களாம்.

“புகழு, செனகல்லேருந்து ஒரு அம்மா வர்றாங்க. அரிசி எறக்குமதி பண்றவங்க. பெரிய கை. வெள்ளிக்கெழம நம்ம மில்லுக்குக் கூட்டியாறேன். சரக்க நல்லா எடுத்து வை. இது வெறும் வியாபாரம் இல்லடா. ரெண்டு நாட்டு நல்லுறவு. மானம் போயிடக் கூடாது.”

மத்ததெல்லாம் புகழ்வேந்தன் காதுல வுழுந்துச்சோ இல்லியோ, ‘உறவு’ வுழுந்துச்சி, ‘மானம்’ வுழுந்துச்சி. ரெண்டு நாட்டு உறவுன்னா அவருக்கு வேற இன்னா தெரியும்? ரெண்டு வூட்டு உறவுதான் தெரியும். அப்ப வர்றது யாரு? சம்மந்தி. இன்னாத்துக்கு வர்றாங்க? அடுப்பப் பாக்க. மில்லு மூலையில இன்னா கெடக்குது? பாயி சொல்லிச் சலிச்சி வெச்ச நாப்பது மூட்ட நொய்யி.

அந்த எடத்துலயே அவரு ஒரு முடிவு பண்ணிட்டாரு.

வெடிஞ்சதும் குட்டியானை வண்டி ஒண்ணு புடிச்சி நாப்பது மூட்டையையும் ஏத்துனாரு. களத்துல வேல செய்யிற ஆண்டாளு, “எங்க மேஸ்திரி கொண்டு போற?”ன்னு கேட்டதுக்கு, “மானத்தக் காப்பாத்தக் கொண்டு போறேன். வாய மூடிக்கினு கூட்டு”ன்னாரு. வண்டி நேரா ஏரிக்கர பக்கத்துல பிரிட்டோவோட வாத்துக் கொட்டாய்க்குப் போச்சி. பிரிட்டோவுக்கு நானூறு வாத்து. மில்லுலதான் தீனி வாங்குவாரு, அந்தப் பழக்கம்.

“பிரிட்டோ, சனிக்கெழம வரைக்கும் இது உங்கிட்ட இருக்கட்டும். தொடக் கூடாது.”

“நான் தொட மாட்டேண்ணே. வாத்துகிட்ட நீயே சொல்லிடு.”

“வெளையாடாத. வெளிநாட்டுச் சம்மந்தம்.”

“யாருக்கு? உம் பையனுக்குத்தான் ஆயிடுச்சே?”

“நாட்டுக்குடா!”

பிரிட்டோ ஒண்ணும் புரியாம மூட்டைங்களக் கொட்டாய்க்கு உள்ள அடுக்கி, மேல தார்ப்பாய போட்டு மூடுனாரு.

அப்பறம் பேனரு. வில்லியனூர்ல பேனரு அடிக்கிற கடையில, ‘செனகல் நாட்டுச் சீமாட்டியே வருக’ன்னு பத்தடிக்கு அடிச்சாங்க. கடக்காரப் பையன் ஒரு பக்கம் ஒட்டகச்சிவிங்கி படத்தப் போட்டுட்டான். “வூட்டுக்கு வர்றவங்கள மிருகத்தக் காட்டியா கூப்புடறது? ரோசாப் பூ போடுறா”ன்னு புகழ்வேந்தன் சத்தம் போட்டு மாத்துனாரு. கீழ வரிசையில வழக்கம்போல பாஸ்போட்டு சைசுல பதினாலு மூஞ்சி. மில்லு ஆளுங்க எல்லாரும். எடம் மிச்சமிருக்குன்னு கூலிங் கிளாசு போட்ட பிரிட்டோவும்.

மொழிபெயர்க்க மரியதாசக் கூப்புட்டாங்க. அவுங்கப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவா, அதான் சிப்பாயா, இருந்தவரு. ஊர்ல யாருக்காவது பிரெஞ்சுக் கடுதாசி வந்தா மரியதாசுதான் படிச்சிச் சொல்லணும். செனகல்காரங்களும் பிரெஞ்சு பேசுவாங்கன்னு தெரிஞ்சதும், எழுவது வயசுல கோட்ட எடுத்துப் போட்டுக்கினு, நெஞ்ச நிமித்திக்கினு காலையில ஏழு மணிக்கே மில்லு வாசல்ல வந்து நின்னுட்டாரு. காரு பதினொண்ணரைக்குத்தான் வந்துச்சி.

காருலேருந்து எறங்குனாங்க ஃபாத்து அம்மா. நல்ல ஒசரம். மஞ்சக் கலருல தொளதொளன்னு பூப்போட்ட அங்கி. தலையில அதே துணியில பெரிய கட்டு. எறங்குன ஒடனே பேனரப் பாத்தாங்க, பதினாலு மூஞ்சியையும் ஒண்ணொண்ணாப் பாத்தாங்க, குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாங்க. ஆண்டாளு ஆரத்தி சுத்துனா. மரியதாசு முன்னாடி வந்து, நாலு வூட்டுக்குக் கேக்குற மாதிரி பிரெஞ்சுல ஒண்ணு கத்துனாரு. அவுங்கப்பா பட்டாளத்துல சொல்றது. ‘அட்டென்சன்’னு அர்த்தமாம். ஃபாத்து அம்மா நெசமாவே காலச் சேத்து வெறப்பா நின்னு சல்யூட் அடிச்சாங்க. அதுலேருந்து ரெண்டு பேரும் நல்ல சிநேகம்.

ஷேக் ஃபரீத் பாய் கடியாரத்தப் பாத்தாரு. “வெள்ளிக்கெழம, தொழுவப் போவணும். மேஸ்திரி எல்லாம் காட்டுவாரு. பிரியாணி சொல்லியிருக்கேன், அத்தயும் எடுத்துக்கினு வந்துடறேன்”னு சொல்லிட்டுக் கெளம்பிட்டாரு. போவும்போது புகழ்வேந்தன் தோள்ல தட்டி, “சரக்கு ரெடிதானே?”ன்னாரு.

“கண்ணுல ஒத்திக்கலாம் பாய்.”

களத்துக்கு நடுவுல வெள்ளத் துணி விரிச்சி, மல்லியப்பூவக் கொட்டி வெச்ச மாதிரி பொன்னி அரிசி குமிச்சிருந்துச்சி. ரெண்டு நாளா எட்டுப் பொம்பளைங்க உக்காந்து பொறுக்குனது. ஒரு மணி கூட ஒடஞ்சது இல்ல. ஃபாத்து அம்மா கை நெறைய அள்ளுனாங்க. பாத்தாங்க. மெதுவா கீழ வுட்டுட்டு மரியதாசுகிட்ட ஒண்ணு கேட்டாங்க.

“மேஸ்திரி, ஒடஞ்ச அரிசி இருக்குதான்னு கேக்குறாங்க.”

புகழ்வேந்தன் உள்ளுக்குள்ள சிரிச்சிக்கினாரு. பாத்தியா, சோதன பண்ணுது அம்மா. பொண்ணு வூட்டுக்காரங்க புத்தி கடலு தாண்டுனாலும் ஒண்ணுதான்.

“நல்லாத் தேடிப் பாக்கச் சொல்லுங்க. ஒரு நொய்யி கெடச்சா என் மீசைய எடுத்துக்கறேன்.”

மரியதாசு மீசையத் தொட்டுக் காட்டி அத்தச் சொன்னாரு. ஃபாத்து அம்மா மொகம் லேசா வாடிச்சி. திரும்பவும் கேட்டாங்க.

“கொஞ்சம் கூடவா இல்லன்னு கேக்குறாங்க.”

“மருந்துக்குக் கூட இல்லன்னு சொல்லுங்க!”

“மில்லு முழுக்கவா?”

“மில்லு முழுக்க! என் பொண்டாட்டி மேல சத்தியம்!”

மரியதாசு நெஞ்சத் தட்டித் தட்டி மொழிபெயர்த்தாரு. சத்தியத்துக்கு மட்டும் பிரெஞ்சு வரல, கையக் கூப்பி வானத்தப் பாத்தாரு. ஃபாத்து அம்மா பெருமூச்சு வுட்டாங்க. அடேங்கப்பா, மெய்மறந்து போச்சி அம்மான்னு புகழ்வேந்தன் ஆண்டாளப் பாத்துக் கண்ணடிச்சாரு.

அம்மா கையத் தட்டிக்கினு காருப் பக்கம் நடக்க ஆரம்பிச்சாங்க. டிரைவரு கதவத் தொறந்தாரு. கடலூரு பக்கம் இன்னொரு மில்லு மூணு மணிக்குக் காத்துக்கினு இருக்குதாம். பிரியாணிக்கு மன்னிச்சிடுங்கன்னாங்களாம். அப்பத்தான் புகழ்வேந்தனுக்கு ஏதோ சரியில்லன்னு பட்டுச்சி. சோதனையில நூத்துக்கு நூறு வாங்குனவன் வூட்டுல கை நனைக்காம போவாங்களா?

காரு திரும்பும்போது பாயி பிரியாணி அண்டாவோட வந்து எறங்குனாரு.

“எங்க போறாங்க?”

“தெரியல பாய். நம்ம அரிசியப் பாத்து அப்படியே பிரமிச்சிப் போயி…”

“அரிசியா? நொய்யக் காட்டுனியா?”

“சீச்சீ. நம்ம மானம் இன்னாத்துக்காவறது?”

ஷேக் ஃபரீத் பாய் அண்டாவக் கீழ வெச்சாரு.

“புகழு. அந்தம்மா ஆறாயிரம் மைல் தாண்டி நொய்ய மட்டும் பாக்க வந்தவங்க. அவங்க நாட்டுல அதான்டா சோறு. இவ்ளோ வருசமா மெட்ராசு போன நொய்யெல்லாம் எங்க போச்சின்னு நெனச்ச?”

“கோழிப்பண்ண…”

“நாப்பது மூட்ட எங்க?”

புகழ்வேந்தன் ஏரிப் பக்கமா கையக் காட்டுனாரு.

“வாத்துகிட்ட இருக்குது பாய்.”

அடுத்த பத்து நிமிசம் பாகூர் கடத்தெருவுல யாரும் அப்படி ஒரு ஊர்வலத்தப் பாத்ததில்ல. முன்னாடி புகழ்வேந்தன் மொபெட்டு, காருக்குக் குறுக்க வுட்டு மடக்கி, “வாங்கம்மா, வாங்கம்மா”ன்னு கையால இழுத்துக்கினே போவுது. அதுக்குப் பின்னாடி ஃபாத்து அம்மா காரு. அதுல தொத்திக்கின மரியதாசு ஜன்னலு வழியா தலைய வுட்டு வழி வுடச் சொல்லி பிரெஞ்சுல அதட்டுறாரு. கடைசியா பாயி காரு, பிரியாணி அண்டாவோட.

கொட்டாயில பிரிட்டோ சொன்ன சொல்லக் காப்பாத்தியிருந்தாரு. அவரு மூட்டையத் தொடல. வாத்துங்க ரெண்டு மூட்டையக் கிழிச்சி வயிறு முட்டத் தின்னுட்டு, மிச்சம் முப்பத்தெட்டு மேலயும் படுத்துக்கினு இருந்துச்சிங்க. தார்ப்பாய் மேல வரிசையா முட்ட வேற.

“எறங்குடீ! எறங்குங்கடீ!”ன்னு புகழ்வேந்தன் உள்ள பாய்ஞ்சாரு. அப்பத்தான் அந்த ரெண்டு கொத்து வுழுந்துச்சி. நொண்டிக்கினே ஒரு மூட்டையத் தள்ளிக்கினு வந்து அம்மா முன்னாடி போட்டு, வாயக் கட்டுன சணலப் பல்லாலயே கடிச்சி அவுத்தாரு.

ஃபாத்து அம்மா அங்கிய முட்டி வரைக்கும் தூக்கிச் செருவிக்கினு, வாத்துங்களுக்கு நடுவுல குத்துக்காலிட்டு உக்காந்தாங்க. பிரிட்டோவப் பாத்து, பேனருல இருந்த ஆளுன்னு அடையாளம் கண்டுக்கினு தலைய ஆட்டுனாங்க. மூட்டைக்குள்ள முழங்கை வரைக்கும் கைய வுட்டாங்க. அடியிலேருந்து ஒரு புடி எடுத்தாங்க. ஊதுனாங்க. மோந்தாங்க. ரெண்டு மணிய எடுத்து முன்பல்லுல வெச்சிக் கடக்குன்னு கடிச்சாங்க.

புகழ்வேந்தன் கிட்ட வந்து குனிஞ்சி பாத்தாரு. அந்தக் கடிய அவருக்குத் தெரியும். இத்தன வருசமா அவரு கடிக்கிற கடி அது. ஆனா அம்மா மொகத்துல ஒண்ணும் தெரியல. அந்த வாட்ச்மேன் தொப்பி இவரு தலைக்கு மேலயே நின்னு எறங்கலாமா வேணாமான்னு பாத்துக்கினு இருந்துச்சி.

“பல்லுக்கு நல்லாருக்குதாம். பானையிலயும் பாக்கணுமாம். இங்கியே ஆக்கணுமாம்”னாரு மரியதாசு.

பிரிட்டோ வூட்டு அண்டா வந்துச்சி. வீராம்பட்டினத்துலேருந்து டிவிஎஸ்ல மீனு விக்க வர்றவரு அந்நேரத்துக்கு வந்தாரு, வஞ்சிரம் ஒண்ணு வாங்குனாங்க. வெங்காயம், தக்காளி, கத்திரிக்கா, கேரட்டு, கோசு. ஃபாத்து அம்மா மீனக் கொழம்பாக் கொதிக்க வெச்சி, அதுக்கு மேல நொய்ய ஆவியில வேவ வெச்சி, அப்பறம் மீன எடுத்துட்டு அந்தக் கொழம்புலயே நொய்யப் போட்டாங்க. கழுவுற வேல புகழ்வேந்தனுக்கு. ரெண்டு தண்ணியோட நிறுத்துனாரு. அம்மா அண்டாவ எட்டிப் பாத்துட்டு, கரண்டியால அவரு கையிலயே ஒண்ணு போட்டாங்க. ஏழு தண்ணி கழுவவெச்சாங்க.

அதுக்குள்ள சேதி கேட்டு வள்ளி ஓடியாந்தாங்க. ஊர்ல யாரோ, “உம் புருசன் வெளிநாட்டு அம்மாவ வாத்துக் கொட்டாய்க்கு இழுத்துக்கினு போறான்”னு சொல்லியிருக்காங்க. வந்து பாத்தா மனுசன் குந்திக்கினு நொய்யக் கழுவுறாரு.

“வூட்டுல முப்பது வருசமா நொய்யி வாசமே ஆவாது இவருக்கு. இங்க இன்னாடான்னா கொழந்தையக் குளிப்பாட்டுற மாதிரி கழுவுறாரு!”

“சும்மா இருடி. நாட்டு விசயம்.”

“என் மேல சத்தியம் பண்ணியாமே?”

“அத்த அந்தம்மாவுக்குப் பிரெஞ்சுல சொல்லல. செல்லாது.”

பெரிய தாம்பாளத்துல நொய்யப் பரப்பி நடுவுல மீனையும் காயையும் வெச்சாங்க. அவங்க ஊரு வழக்கம், எல்லாரும் ஒரே தட்டச் சுத்தி உக்காந்து, அவங்கவங்க பக்கத்துலேருந்து எடுத்துச் சாப்புடணும். பாயி, மரியதாசு, பிரிட்டோ, வள்ளி, டிரைவரு எல்லாரும் உக்காந்தாங்க. புகழ்வேந்தன் மட்டும் நின்னாரு.

“அம்மா, ஒண்ணு கேக்கலாமா? உங்க ஊர்ல சம்மந்தி வந்தா இன்னா சோறு போடுவீங்க?”

மரியதாசு கேட்டுச் சொன்னாரு. “இதான் போடுவாங்களாம். வேற இன்னாத்தப் போடறதுன்னு கேக்குறாங்க. முழு அரிசியப் போட்டா கொழம்பு உள்ள எறங்காதாம். அவங்க தங்கச்சி கல்யாணத்துல யாரோ முழு அரிசிய ஆக்கிட்டாங்களாம், மாப்ளயோட பெரியப்பா தட்ட வுட்டு எழுந்து போயிட்டாராம்.”

புகழ்வேந்தன் அப்படியே உக்காந்துட்டாரு. ஒரு வாயி எடுத்து வெச்சாரு. மென்னாரு. இன்னொரு வாயி. அப்பறம் அவரு பக்கத்தோட நிக்காம வள்ளி பக்கத்துலேருந்தும் எடுக்க ஆரம்பிச்சாரு. வள்ளி கையத் தட்டி வுட்டாங்க. “உம் பக்கத்தத் தின்னுயா. அவங்க ஊரு மரியாத.”

தட்டு காலியானதும் ஃபாத்து அம்மா வெரல நக்கிட்டு, பாயப் பாத்து நீளமா பேசுனாங்க. எல்லாரும் மரியதாசு வாயயே பாத்துக்கினு இருந்தாங்க. அவரு வேணும்னே ஏப்பம் வுட்டுட்டு, தண்ணி குடிச்சிட்டு, கோட்ட இழுத்து வுட்டுக்கினு சொன்னாரு:

“எடுத்துக்கறாங்களாம். ஒரு வருசத்துக்கு, மாசா மாசம். மூணு கண்டிசனு. ஒண்ணு, முழு அரிசி கலக்கக் கூடாது. ரெண்டு, வாத்து எறகு இருக்கக் கூடாது. மூணு, சலிக்கிற எடத்துல இந்த நொண்டுறவருதான் நிக்கணும். கடிச்சிப் பாக்கத் தெரிஞ்ச ஆளுன்னு சணல அவுக்கும்போதே தெரிஞ்சிக்கினாங்களாம்.”

ஷேக் ஃபரீத் பாய் அந்த எடத்துலயே புகழ்வேந்தனக் கட்டிப்புடிச்சிட்டு, அடுத்த நிமிசமே, “ஆர்டரு மட்டும் போயிருந்துச்சின்னா உன்ன இந்த ஏரியிலதான்டா போட்டிருப்பேன்”னாரு. அந்தப் பிரியாணிய அப்பறம் யாரு சாப்புட்டாங்கன்னு கேக்கக் கூடாது. நானூறு வாத்துல ஒண்ணுத்துக்கும் ரெண்டு நாளு தீனி தேவப்படல.

இப்ப மில்லு வாரத்துல ஆறு நாளும் ஓடுது. மண்டபப் பேச்சு நின்னுபோச்சி. மொத கப்பலு போயிச் சேந்ததும் ஃபாத்து அம்மா அங்கேருந்து ஒரு போட்டோ அனுப்பிச்சாங்க. பெரிய தாம்பாளம், சுத்தி பன்னெண்டு பேரு, நடுவுல பாகூர் நொய்யி. அத்த புகழ்வேந்தன் போன்ல வெச்சிக்கினு, புதுசா தாத்தா ஆனவன் பேரப்புள்ள போட்டோவக் காட்டுற மாதிரி, பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தவனுக்கெல்லாம் காட்டுறாரு. “இது யாரு?”ன்னு கேட்டா, “நம்ம ஆளுங்கதான்”றாரு.

இன்னிக்குக் காலையில ரெண்டாவது கப்பலுக்கு மூட்ட புடிச்சிக்கினு இருந்தாங்க. புகழ்வேந்தன் ஆண்டாளோட மொறத்துக்கிட்டப் போனாரு. மூக்குக்கண்ணாடிய ஏத்தி வுட்டுக்கினாரு. ரெண்டு வெரலால நொய்யிலேருந்து ஒரே ஒரு மணியப் பொறுக்கி எடுத்து, களத்துல இருக்கிற எல்லாருக்கும் தெரியிற மாதிரி தூக்கிப் புடிச்சாரு.

“ஏன்டி ஆண்டாளு, முழு அரிசி கெடக்குது பாரு இதுல! இத்தக் கப்பல்ல ஏத்தி வுட்டா அங்க நம்மள ஒரு மனுசங்கன்னு மதிப்பாங்களாடி?”